உன் பெயருக்கு மேல் என் முகம்

12.3.1992, வியாழக்கிழமை

சிறப்பு முகாமில் அடைத்து வைத்திருக்கும் ஜெசிந்தா அக்காவுக்கு, காவல்காரர் பச்சமுத்துவின் மகள் கொளஞ்சி எழுதுவது. நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உன்னிடம் அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் அம்மாவும் தம்பி நிக்சனும் இங்கே முகாமில்தான் இருக்கிறார்கள். நிக்சனுக்குச் சொறி ஆறிவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன் அங்கே பிரித்துப் படிப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து எழுதுகிறேன். படிக்கிற ஐயா யாராக இருந்தாலும் அவருக்கும் விளங்க வேண்டும். இதைத் தபாலில் போடுவேனா என்று எனக்கே இன்னும் தெரியாது. போட்டால் அப்பாவுக்கு வேலை போகும், என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவார்கள். போடாவிட்டால் நீ யாரென்றே தெரியாதவளாக அங்கே இருப்பாய். அடுத்த மாதம் சிலோனுக்குத் திரும்பிப் போகும் கப்பலில் உன் அம்மா பெயரும் நிக்சன் பெயரும் எழுதியாகிவிட்டது. உன் பெயர் அதில் இல்லை.

எல்லாரும் தூங்குகிறார்கள். சிம்னி விளக்கைத் தகரப் பெட்டிக்குப் பின்னால் வைத்துக் கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தில் எழுதுகிறேன். யாராவது புரண்டு படுத்தால் ஊதி அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

ஐயாவுக்குச் சொல்ல வேண்டியது. எங்கள் ஊர் முகாம் முன்பு நெல் மூட்டை அடுக்கிய குடோன். புடவைகளைக் கட்டித் தடுத்து, அதற்குள் அறுபது குடும்பங்கள் இருக்கின்றன. தொண்ணூறாம் வருஷம் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். என் பள்ளிக்கூடத்து சிஸ்டர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவார்கள். உதவிக்கு யார் வருகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். பிள்ளைகளுக்குத் தலை பார்த்துவிடுவேன், நகம் வெட்டுவேன், சொறிக்கு ஊதா மருந்து போடுவேன். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். பாவப்பட்டவர்களுக்கு நல்லது செய்யப் போகிறேன் என்று முதல் நாள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த முதல் நாள்தான் உன் அம்மா மரியபுஷ்பம் எனக்குப் பிளேன்டீ கொடுத்தார். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டி, அதை நக்கிக்கொண்டே குடிக்கச் சொன்னார். நான் டம்ளரைத் தூக்கி வாயில் படாமல் ஊற்றிக்கொண்டேன். நான் காலனிப் பிள்ளை. ஊருக்குள் எங்களுக்கு யாரும் தங்கள் டம்ளரில் எதையும் தருவதில்லை. “ஏன் பிள்ளை, சுடுதே? வாய வச்சுக் குடியன்” என்றார் உன் அம்மா. குடித்துவிட்டுக் கழுவப் போனேன். அவர் டம்ளரை வாங்கி, மீதி டீயை அதிலேயே ஊற்றித் தானும் குடித்தார்.

வீட்டில் சொன்னேன். அம்மா நம்பவில்லை. “நாம இன்னா ஆளுன்னு அவுங்களுக்குத் தெரியாதுடி. தெரிஞ்சா குடுப்பாங்களா?” என்றார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிறு நானே உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். “எங்களை மட்டும் இஞ்ச என்ன ஆக்கள் எண்டு நினைக்கினம்? நெல்லு வைக்கிற இடத்திலதானே வச்சிருக்கினம்” என்று சொல்லிவிட்டு, அதே டம்ளரில் மறுபடியும் டீ ஊற்றினார்.

வேதபாடத்தில் நான் இரண்டு தடவை பரிசு வாங்கியிருக்கிறேன். எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த டம்ளருக்குப் பிறகுதான் ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டேன். அப்பா கூடாது என்றுவிட்டார். சாதிச் சான்றிதழ் மாறிவிடும், உதவித்தொகை நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “சாமி கும்புட வேணான்னு சொல்லல. பேப்பர்ல ஏத்தாத” என்றார். ஞானஸ்நானம் வாங்கினால் என்ன பெயர் வைத்துக்கொள்வாய் என்று நீ கேட்டாயே, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன வருஷம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு வெளியாட்கள் யாரும் முகாமுக்குள் போகக்கூடாது என்று ஆகிவிட்டது. சிஸ்டர்கள் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். முகாம் கேட்டில் காவல் நிற்கும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிற என்னை யாரும் தடுக்கவில்லை. கேரியரின் கீழ்த்தட்டில் சிஸ்டர் கொடுக்கும் மருந்தும் மேல்தட்டில் சோறுமாகக் கொண்டுபோவேன்.

விளக்கில் எண்ணெய் கம்மியாக இருக்கிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

13.3.1992, வெள்ளிக்கிழமை

ஐயாவுக்கு முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெசிந்தாவை முகாமுக்கு வெளியே அனுப்பும் யோசனை என்னுடையது.

முகாம் வாசலில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். நீ தினமும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். “எங்கட மன்னாரில மலையெண்டு ஒண்டும் இல்ல. உப்பை அள்ளிக் குவிச்சா அதுதான் மலை” என்பாய். ஒருதடவை கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பாய். ஒன்றரை வருஷமாகக் குடோனுக்குள் இருக்கிறவளுக்கு அந்த ஆசைகூட இருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. பொங்கல் முடிந்ததும் என் அம்மா ஜெயம்மாள், கச்சிராயபாளையம் வழியாக டிராக்டரில் மலைக்குப் போய் ஒரு வாரம் தங்கிப் புளி உலுக்கிவிட்டு வருவார். உன்னையும் கூட்டிப் போகச் சொன்னேன். “அக்கா பொண்ணுன்னு சொல்லிக்கலாம். ஆனா வாயத் தொறந்தா சிலோன்னு தெரிஞ்சிடுமே. ஊமைன்னு சொல்லிட்றேன்” என்றார் அம்மா. ஒரு வாரம் ஊமையாக இருக்க உன்னால் முடியுமா என்று நாம் எப்படிச் சிரித்தோம்!

முகாமில் மாதத்துக்கு இரண்டு தடவை ஆள் எண்ணுவார்கள். அடுத்த எண்ணிக்கைக்குப் பத்து நாள் இருந்தது. அப்பா முடியாது என்றார். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். காணும் பொங்கல் அன்று விடிவதற்கு முன் அப்பா கேட்டைத் திறந்துவிட்டார்.

மறுநாள், ஜனவரி பதினெட்டு, நான் சோறு கொண்டுபோனபோது வாசலில் இரண்டு ஜீப் நின்றது. எல்லாரும் தங்கள் தடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டும், ஆள் இல்லாவிட்டால் பெயர் அடிக்கப்படும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிசம்பரில் நீ காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோதே உன் பெயருக்கு நேராக ஆள் இல்லை என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது தடவை என்றால் ஓடிப்போனவள் என்று அர்த்தம்.

உன் அம்மா என்னைப் புடவைத் தடுப்புக்குள் இழுத்தார். “பிள்ளை, ஒரு நிமிசம் என்ர மகளா நில்லு” என்றார். எச்சில் தொட்டு என் பொட்டைத் துடைத்தார். பின்னலை அவிழ்த்துவிட்டார். உன் நீலக் கவுனைத் தலைவழியாக மாட்டினார். நிக்சன் “இது அக்கா இல்லையே” என்றான். அவன் வாயைப் பொத்திக்கொண்டே எங்களை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்.

எண்ணிவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தோம். அன்றைக்குப் பார்த்து போட்டோக்காரரையும் அழைத்து வந்திருந்தார்கள். எல்லாருக்கும் புதிய அட்டையாம். சிலேட்டில் பெயரை எழுதி நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார்கள். பத்து விரலையும் மையில் உருட்டினார்கள். அதிகாரி பெயர் கேட்டார். ஜெசிந்தா என்றேன். அப்பா பெயர் கேட்டார். சூசைதாசன் என்றேன். கடலுக்குப் போய்த் திரும்பாத உன் அப்பாவின் பெயரை நான் சொன்னபோது, என் அப்பா பத்தடி தள்ளி அதிகாரிக்கு நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார். தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தார்.

கிறிஸ்தவப் பெயர் ஒன்று வேண்டும் என்று எத்தனை நாள் ஜெபித்திருப்பேன்! அது எனக்கு இப்படித்தான் கிடைத்தது.

“போட்டோவுல மாட்டிக்கினியேடி! இன்னா காரியம் பண்ணிட்ட நீ!” என்று அப்பா அன்று இரவு தலையில் அடித்துக்கொண்டார். உன் அம்மாவோ என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, மாதாதான் உன்னை அனுப்பினா என்றார். வியாழக்கிழமை நீ புளிக்கறை படிந்த கையோடு வந்தாய். மலையைத் தொட்டேன், வெயிலில் சுட்டது என்றாய். நடந்ததைச் சொன்னபோது நீ பயப்படவே இல்லை. பழைய அட்டையை எடுத்துக் காட்டினாய். அதில் இருப்பது உன் அம்மாவா பக்கத்துத் தடுப்புத் தாத்தாவா என்று தெரியாது, அவ்வளவு கறுப்பு. புதியதும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். இந்தத் தடவை வந்தவர் வேலை தெரிந்த போட்டோக்காரர் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி அட்டைகள் வந்தன. சனிக்கிழமை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து நேராக வந்திருந்தேன். யூனிபாரம், இரட்டைப் பின்னல், ரிப்பன், நெற்றியில் பொட்டு. தண்ணீர்த் தொட்டி அருகே கேரியரோடு நின்றேன். அதிகாரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, முகத்தையும் அட்டையையும் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உன்னைக் கூப்பிட்டார். பார்த்தார். மறுபடி பார்த்தார். அட்டையை உன் பக்கம் திருப்பி, இந்தப் பெண் யார் என்று கேட்டார்.

நீ போட்டோவைப் பார்த்தாய். பிறகு அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாய். “தெரியாது, சேர்” என்றாய்.

உன் அம்மாவைக் கேட்டார். “தெரியாது” என்றார். நாளெல்லாம் கேட்டில் நிற்கிறாயே, நீ இவளைப் பார்த்திருக்கிறாயா என்று என் அப்பாவைக் கேட்டார். “தெரியாதுங்க ஐயா” என்றார் அப்பா.

நான் அங்கேயேதான் நின்றேன். காவல்காரனுக்குச் சோறு கொண்டுவந்த பள்ளிக்கூடத்துப் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உன் விரல் ரேகையை எடுத்துப் பார்த்தார்கள், சேரவில்லை. நீ ஜெசிந்தாவே இல்லை, ஆள் மாறாட்டம் செய்து நுழைந்தவள், உண்மையான ஜெசிந்தா எங்கேயோ தப்பிவிட்டாள் என்று முடிவு செய்தார்கள். சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்றும்போது நிக்சன் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு போலீஸ்காரர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மெதுவாகத்தான் பிரித்தார்.

ஆண்டவரைப் பேதுரு மூன்று தடவை தெரியாது என்றான். மூன்றும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. அன்று நீங்கள் மூன்று பேர் ஆளுக்கு ஒரு தடவை சொன்னீர்கள். இது பாவத்தில் சேருமா சேராதா என்று வேதபாட நோட்டு முழுவதும் தேடினேன். இல்லை.

இன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். தவக்காலம் இல்லையா, சிலுவைப் பாதைக்குக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நின்று நானும் போய் முழங்காலிட்டேன். கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தாய் என்று கேட்டார். இதுதான் முதல் தடவை என்றேன். ஞானஸ்நானம் எப்போது வாங்கினாய் என்றார். வாங்கவில்லை என்றேன். “அப்படின்னா நான் உனக்குப் பாவமன்னிப்பு குடுக்க முடியாதேம்மா. எனக்கு அந்த அதிகாரம் இல்ல. மனசுல இருக்குறதச் சொல்றதுன்னா சொல்லு, கேக்குறேன்” என்றார். நல்ல மனிதர்தான். பின்னால் நின்ற அம்மாள் “சீக்கிரம் எந்திரிம்மா, ஆரம்பிக்கப் போறாங்க” என்று என் தோளைத் தட்டினார். நான் எதையும் சொல்லாமல் எழுந்துவிட்டேன். அப்படியானால் நான் இதைச் சொல்லக்கூடிய இடம் இந்தக் கணக்கு நோட்டு மட்டும்தான்.

முதல் ஸ்தலத்தில் பிலாத்து தீர்ப்புச் சொன்னபோது எனக்குப் பரபாஸ் ஞாபகம்தான் வந்தது. ஆண்டவருக்குப் பதிலாக அவனை விட்டுவிட்டார்கள், அதோடு வேதத்தில் அவன் பேச்சு முடிந்துவிடுகிறது. அவன் வீட்டுக்குப் போயிருப்பான். அவன் அம்மா கட்டிப்பிடித்து அழுதிருப்பாள், சோறு போட்டிருப்பாள். ஆண்டவர் சிலுவையில் தொங்க, மத்தியானம் இருட்டியபோது அவன் வெளியே வந்து பார்த்தானா, கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தானா? அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவனிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இரண்டு வாரமாகக் கடவுளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அக்கா.

14.3.1992, சனிக்கிழமை

உன் அம்மாவைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. தினமும் காலையிலும் மாலையிலும் கேட்டருகே வந்து நிற்கிறார். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. ஜீப் போன ரோட்டைப் பார்க்கிறார், பிறகு என் அப்பாவைப் பார்க்கிறார். அப்பா பூட்டைத் திறந்து திறந்து பூட்டுகிறார். என்னைக் கண்டால் உன் அம்மா தலையைத் தடவி “படிச்சனியே பிள்ளை?” என்கிறார். இன்றும் டீ கொடுத்தார்.

நான் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று இன்று அவரிடம் கேட்டேன். “வேண்டாம். ஒரு பிள்ளையைக் குடுத்திட்டன். ரெண்டாவதையும் குடுக்கச் சொல்லுறியே?” என்றார். கோபமாகத்தான் சொன்னார். பிறகு தடுப்புக்குள் போய்ப் புடவையை இழுத்து மூடிக்கொண்டார். உள்ளே அவர் செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றுவிட்டது. வெகுநேரம் நின்றேன், மறுபடி தொடங்கவே இல்லை.

என் போட்டோவைப் பெரிதாக்கி ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்களாம், தப்பிய ஜெசிந்தா என்று. பஸ்ஸில் காக்கிச்சட்டை ஏறினால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டேன். எனக்கு ஜெயிலுக்குப் போகப் பயம், பரீட்சை எழுத முடியாமல் போகப் பயம். அம்மா இந்தக் காவல் வேலையை நம்பித்தான் அப்பாவுக்கு இரண்டு சட்டை தைத்தார். இதையெல்லாம் நினைத்தால் நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம் என்றிருக்கிறது. நேற்று எழுதியதில் ஒரு தாளைக் கிழித்தும்விட்டேன். பிறகு திரும்ப எழுதினேன்.

இப்போது ஒன்று நடந்தது. விளக்கை அணைக்க எனக்கு நேரமில்லை. அப்பா எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது.

“பரிச்சைக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லாமல் பேனாவைக் கீழே வைத்தேன்.

“அந்தப் பொண்ணுக்கா?” என்றார். தலையை ஆட்டினேன்.

“எம் பேரும் இருக்குதா அதுல?”

இருக்குது என்றேன்.

“தெரியாதுன்னு சொன்னனே, அது?”

அதுவும் இருக்குது என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். “அந்தம்மா ரெண்டு வேளையும் வந்து என்னையே பாத்துக்கினு நிக்குது. ஒரு வார்த்த திட்டுனா பரவால்ல. திட்ட மாட்டன்றாங்க” என்றார். அப்புறம், “எழுதுனா முழுசா எழுது. கேட்டத் தொறந்தது நான்தான்னு எழுது. ஒங்கம்மா பேர மட்டும் எடுத்துடு” என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். தூங்கவில்லை, தெரிகிறது.

அம்மா பெயரை எடுக்கப் பார்த்தேன். அடித்தாலும் அடியில் தெரிகிறது. முழுப் பக்கத்தையும் திரும்ப எழுத எண்ணெய் இல்லை. ஐயா, என் அம்மாவுக்குப் புளி உலுக்குவதைத் தவிர இதில் எதுவும் தெரியாது. நீங்கள் அந்த வரியைப் படிக்காமல் விட்டுவிடுங்கள்.

படிக்கிற ஐயா, நீங்கள் தேடுகிற முகம் என்னுடையது. என் பெயர் ப. கொளஞ்சி. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். விலாசம் உறையின் மேல் இருக்கிறது. என் விரல்களை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களிடம் இருக்கிறவள்தான் ஜெசிந்தா. சூசைதாசன், மரியபுஷ்பம் இவர்களின் மகள். அவள் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஒரு மலையைத் தொட்டுப் பார்த்தாள். கப்பல் புறப்படுவதற்கு முன் அவளை அவள் அம்மாவிடம் கொண்டுவந்து விடுங்கள். உங்கள் பிள்ளைகள் நன்றாக இருப்பார்கள்.

அக்கா, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில் இதைப் பதிவுத் தபாலில் போடுகிறேன். அதற்குள் நான் பயந்து பின்வாங்காமல் இருக்க நீ எனக்காக ஒரு செபம் சொல். எனக்கு மன்னிப்புக் கிடைக்குமா என்று தெரியாது. அதை உன்னிடமும் கேட்க மாட்டேன். நீ கொடுத்துவிடுவாய், அதனால்தான்.

இதைப் படித்த பிறகு என் போட்டோவை மறுபடி உன் முன்னால் வைப்பார்கள். ஒருவேளை என்னையே கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் அழுதாலும், நடுங்கினாலும், வேண்டாம் என்று தலையை ஆட்டினாலும் நீ என் முகத்தைப் பார்க்காதே. தெரியும் என்று சொல், அக்கா.

உன் தங்கை,
ப. கொளஞ்சி